பெல்ட்டு அண்ணன் மகளுக்குக் கட்டிய கூண்டு

அவருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பட்டறைக்குப் பக்கத்தில் டயர் விற்கிறவர்கூட உதட்டைப் பிதுக்குவார். "பெல்ட்டு அண்ணன்" என்று கேட்டுப் பாருங்கள். தெருமுனையில் காய்கறி விற்கிற அம்மா தராசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து வழி காட்டுவாள்.

பட்டறை ஒன்றும் பெரிய இடம் இல்லை. இரண்டு கார் நிற்கும். மூன்றாவது வந்தால் முதலில் வந்தது வெயிலுக்குப் போக வேண்டும். சுவர் முழுக்க ஆணியடித்துக் கறுப்பும் சாம்பலும் சிவப்புமாகக் கார் சீட்டுப் பெல்ட்டுகள் தொங்கும். ஒரு மூலையில் தையல் இயந்திரம். அதில் அவர் மனைவி உட்கார்ந்து சீட்டு உறைகளும் தலைமெத்தைகளும் தைப்பாள். எதிர்மூலையில் வெல்டிங் வேலை செய்பவரை எல்லோரும் 'பொறி' என்றுதான் கூப்பிடுவார்கள். கையிலிருந்து பறக்கிற நெருப்புப்பொறியால் வந்த பெயர் என்று அவர் சொல்லுவார். வாயிலிருந்து பறக்கிறதால் வந்த பெயர் என்று அண்ணனின் மனைவி சொல்லுவாள்.

அண்ணனைத் தேடி வருவதெல்லாம் கடல் தாண்டி வந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள். பள்ளிக்கூட வயதில் சுவரில் ஒரு காரின் படத்தை ஒட்டி வைத்துக் கனவு கண்டவர்கள் எத்தனையோ பேர். தலையில் முடி போய்க் கையில் காசு வந்தபிறகு அதே காரைத் தேடிப் பிடித்து இறக்குமதி செய்துகொள்வார்கள். பார்க்க ராஜகுமாரி மாதிரி இருக்கும். கதவைத் திறந்தால்தான் வயசு தெரியும். பெல்ட்டின் நாடா வெயிலில் காய்ந்த தோல் மாதிரி விறைத்திருக்கும். பக்கிள் அழுத்தினால் திறக்காது, திறந்தால் மூடாது. சீட்டு தோளோடு முடிந்துவிடும், பின்னாலிருந்து யாராவது இடித்தால் கழுத்தைத் தாங்க எதுவும் இருக்காது. இந்த மாதிரி வண்டியை வாங்கித் துடைத்துப் பளபளப்பாக்கிச் சாலையில் ஓட்டப்போகிற மனிதரை உயிரோடு வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதுதான் அண்ணனின் தொழில்.

அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் வண்டிக்காரரை சீட்டில் உட்காரவைத்துப் பெல்ட்டைப் போடச் சொல்வார். பிறகு, "கண்ணை மூடுங்க. வண்டியில நெருப்பு. புகையில ஒண்ணும் தெரியல. கையை நீட்டுங்க" என்பார். கை எங்கே போய் விழுகிறதோ அங்கே சாக்கட்டியால் ஒரு கோடு. தீயணைக்கும் சிலிண்டருக்கு அதுதான் இடம். "அங்க வெச்சா வண்டி அழகு கெட்டுடும்" என்று யாராவது சிணுங்கினால், "சரி, டிக்கியில வெச்சிடறேன். நெருப்பு பிடிச்சா இறங்கிப் போய் எடுத்துக்கோங்க, அதுகிட்ட கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க" என்பார்.

இன்னொரு விஷயத்தில் அவர் கல்லு. பந்தயக் காரில் இருக்கிற மாதிரி, வண்டி கவிழ்ந்தாலும் கூரை நசுங்காமலிருக்கத் தலையைச் சுற்றி இரும்புக் குழாய்க் கூண்டு வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களுக்குப் போட்டுக் கொடுக்கவே மாட்டார். சீட்டுக்குப் பின்னால், தலைக்கு எட்டாத தூரத்தில் ஒரே ஒரு வளைவு வேண்டுமானால் போடுவார். கூண்டு மட்டும் கிடையாது.

பல் டாக்டர் ஒருவர் இருந்தார், அண்ணனின் பழைய வாடிக்கைக்காரர். அவரிடமும் ஒரு சிவப்பு நிற ரெண்டு சீட்டு வண்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டுவார். அவருக்கு அந்தக் கூண்டு மேல் அப்படி ஒரு மோகம்.

"அண்ணே, சும்மா லேசா, முன்னாடி ரெண்டு குழாய், மேல ஒண்ணு. போதும்."

"டாக்டர், பந்தயத்துல ஓட்டுறவன் தலையில என்ன இருக்கு?"

"ஹெல்மெட்."

"நீங்க வீட்டம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போகும்போது அவங்க தலையில என்ன இருக்கு?"

"இப்பதான் பார்லருக்குப் போய் ஏதோ பண்ணிக்கிட்டு வந்தாங்க, அது இருக்கு."

"அந்தத் தலை பக்கவாட்டுல போய்க் குழாயில மோதினா பார்லரும் போச்சு, தலையும் போச்சு. வண்டி கவிழறது என்னைக்கோ ஒருநாள். பக்கத்துல இடிக்கிறது, குழியில விழறது தினமும் நடக்கும். கவிழாத வண்டியில கூண்டு போடறது, தலைக்குப் பக்கத்துல சுத்தியலைத் தொங்கவிடற மாதிரி."

டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே போவார். அடுத்த மாதம் வந்து மறுபடியும் கேட்பார். இப்படியே அவர்கள் நட்பு வளர்ந்தது.

இவ்வளவு தெளிவான மனிதர் எங்கே சறுக்கினார் என்பதைத்தான் சொல்ல வந்தேன். வேறு எங்கே, எல்லா அப்பாக்களும் சறுக்குகிற இடத்தில்தான்.

அண்ணனுக்கு ஒரே மகள். கல்யாணமாகிப் பல வருஷம், இனி இல்லை என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ளக் கற்றுக்கொண்டபிறகு வந்தவள். அவள் முதன்முதலில் நடந்தபோது அண்ணன் பின்னாலேயே ஒரு தலையணையைப் பிடித்துக்கொண்டு வீடெல்லாம் தவழ்ந்தார் என்று அவர் மனைவி இப்போதும் சொல்லிச் சிரிப்பாள். தலையணைக்கு அகப்படாமல் வளர்ந்து, படித்து, மகள் கால்நடை மருத்துவர் ஆனாள். முதல் ஓரிரு வருஷச் சம்பளத்தைச் சேர்த்து அவள் வாங்கியது நகையும் இல்லை, நிலமும் இல்லை. பட்டறைக்கு வந்துபோகிற ஒரு பாட்டு வாத்தியாரிடமிருந்து கரும்பச்சை நிறத்தில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். குனிந்து ஏறி இறங்க முட்டி ஒத்துழைக்கவில்லை என்று அவர் விற்றார். கண்ணைத் திறந்து மூடுகிற மாதிரி எழும்பி அடங்கும் முன்விளக்கு. வெளிநாட்டு வழக்கப்படி ஸ்டியரிங் எதிர்ப்பக்கம். பார்த்தவுடனே அம்மா அதற்குப் 'பச்சைத் தவளை' என்று பெயர் வைத்துவிட்டாள்.

"மாட்டு டாக்டருக்குத் தவளை. பொருத்தமாத்தான் இருக்கு" என்றார் பொறி.

"அண்ணே, உங்களுக்கு ஊசி போடணும்னாலும் நான்தான் போடணும், ஞாபகம் வெச்சுக்கோங்க" என்றாள் மகள்.

இவ்வளவும் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் மத்தியானம் அவள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். மலையடிவாரத்தில் ஒரு பெரிய பால் பண்ணையில் வேலை. தங்க வீடும் தருகிறார்கள். மாதக் கடைசியில் போய்ச் சேர வேண்டும். தவளையை ஓட்டிக்கொண்டு, தனியாக.

அம்மா எழுந்து வந்து மகளின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். அண்ணன் சந்தோஷமாகத் தலையாட்டினார். அவர் தட்டில் சோறு மட்டும் அப்படியே இருந்தது. ஒரு நாள் முழுக்க நீளும் சாலை, வளைவுகள், லாரிகள், அந்தப் பழைய வண்டி, அதற்குள் தன் மகள். அவர் கண்ணுக்கு முன்னால் அது ஓட ஆரம்பித்துவிட்டது. உடைந்த வண்டிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் வேறு எதைப் பார்க்கும், சொல்லுங்கள்.

மறுநாளே தவளை பட்டறைக்குள் வந்தது. வாடிக்கைக்காரர்களின் வண்டி இரண்டும் வெயிலுக்குப் போயின.

முதல் வாரம் அண்ணன் செய்ததெல்லாம் தொழிலின் ஒழுங்குப்படி இருந்தது. பழைய பெல்ட்டைக் கழற்றினார். அது பிடித்திருந்த இரும்பில் துரு இருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். இளகிய இடத்தில் புதுத் தகடு வைத்தார். இழுத்தால் தானே பூட்டிக்கொண்டு, விட்டால் தானே சுருண்டுகொள்ளும் ரீல் வைத்த புதுப் பெல்ட்டு இரண்டு போட்டார். பெட்ரோல் குழாய்களை மாற்றினார். டயர் நாலும் புதிது. பேட்டரியை ஒரே திருப்பில் துண்டிக்கிற சுவிட்சு. மகளை உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்லிக் கையை நீட்டச் சொன்னார். அவள் நீட்டிய கை நேராக அவர் சட்டைப் பையில் போய் நின்றது.

"இங்கதான்பா எப்பவும் எனக்கு வேண்டியது இருக்கும்."

"விளையாடாதே. மறுபடி நீட்டு."

சீட்டுக்குப் பின்னால் ஒரு வளைவு வைத்தார்கள். தலைக்கு மெத்தையை அம்மா தைத்துக் கொடுத்தாள். அத்தோடு வேலை முடிந்தது. வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும் அண்ணன் அன்றைக்கே சாவியைக் கொடுத்திருப்பார்.

கொடுக்க மனசு வரவில்லை. டீ குடித்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார். பொறியைக் கூப்பிட்டார்.

"கதவுப் பக்கம் ஒரு குழாய் வெச்சா என்ன?"

"நீங்கதானே வைக்கக் கூடாதும்பீங்க?"

"அது வேற. இது வேற."

கதவுக்குக் குழாய் வந்தது. கதவுக்கு வந்தால் அதைத் தாங்க முன்னால் ஒன்று வேண்டும். முன்னால் வந்தால் மேலே இணைக்க வேண்டும். ஒரு வாரம் பொறியின் மூலையில் நெருப்பு அணையவே இல்லை. கடைசியில் தவளை ஒரு முழு இரும்புக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தது. அது போதாதென்று புதுப் பெல்ட்டுகளைக் கழற்றிவிட்டு, ரெண்டு தோளையும் ரெண்டு பக்க இடுப்பையும் சீட்டோடு கட்டிப்போடுகிற பந்தயப் பெல்ட்டையும் மாட்டினார்.

மனைவி தையலை நிறுத்திவிட்டு எழுந்து வந்து பார்த்தாள்.

"என்னங்க, இது பொண்ணு போற வண்டியா, புலி போற வண்டியா?"

"நீ சும்மா இரு. உனக்குத் தெரியாது."

"எனக்கு எங்க தெரியும்? பல் டாக்டர்கிட்ட நீங்க பேசறதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆனதுதான் எனக்குத் தெரியும்."

அவர் ஒரு திருகாணியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார். வாதத்தில் தோற்கிறபோதெல்லாம் அவர் போகிற இடம் அதுதான்.

மகள் சாயங்காலம் வந்தாள். வண்டியைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு கணம் ஏதோ வந்தது, வந்த வேகத்திலேயே போனது. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். இரண்டு வாரத்தில் அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"நல்லா இருக்குப்பா" என்றாள்.

கதவுக் குழாயைத் தாண்டி ஒரு காலை உள்ளே விட்டு, குனிந்து, மறு காலை இழுத்து, ஒருவழியாக உட்கார்ந்தாள். அண்ணன் பக்கத்து சீட்டில் ஏறினார். இரண்டு பேரும் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு ஒரு சுற்றுப் போனார்கள்.

தெருமுனையில் ஒரு வேன் நின்றிருந்தது. ஸ்டியரிங் எதிர்ப்பக்கம் இருக்கிற வண்டியில், நிற்கிற வேனைத் தாண்டி எதிரில் வருகிறது என்ன என்று தெரிய வேண்டுமானால் ஓட்டுகிறவர் முன்னால் சாய்ந்து கழுத்தை நீட்டிப் பார்க்க வேண்டும். மகள் சாய்ந்தாள். பெல்ட்டு விடவில்லை. ஆணியடித்த மாதிரி சீட்டிலேயே இருந்தாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் சத்தம் போடாமல் தோள் பட்டையைத் தளர்த்திக்கொண்டு, சாய்ந்து பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினாள்.

"தளர்த்தாதே கண்ணு. தளர்ந்தா அந்தப் பெல்ட்டு பெல்ட்டே இல்லை. இடிச்சா உடம்பு பெல்ட்டுக்கு அடியில வழுக்கிடும்."

"சரிப்பா."

கொஞ்ச தூரத்தில் சாலையில் ஒரு குழி. வண்டி ஒருபக்கமாக இறங்கி ஏறியது. மகளின் பக்கமிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம்.

"என்ன சத்தம்?"

"அடியில கல்லு பட்டிருக்கும்பா."

கல்லுக்கும் இரும்பில் மண்டை படுவதற்கும் வித்தியாசம் தெரியாதவரா அண்ணன்? இத்தனை வருஷத் தொழிலில் அந்தச் சத்தத்தை அவர் நெஞ்சே அறியும். ஆனால் திரும்பிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடுமே. அவர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "ஆமா, கல்லுதான்" என்றார். அந்த இரண்டு வார்த்தையைச் சொன்ன வாயை அப்புறம் எவ்வளவு நொந்துகொண்டார் என்பது அவருக்கும் அவர் மனைவிக்கும்தான் தெரியும்.

மறுநாள் கூண்டின் குழாய்களுக்கெல்லாம் தடிமனான ஃபோம் சுற்றி உறை தைக்கச் சொன்னார். மனைவி துணியை வெட்டினாள். இயந்திரம்தான் அவள் சார்பாகப் படபடவென்று பேசியது.

இரண்டு நாள் கழித்து உறை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பல் டாக்டர் வந்தார். பிரேக்கைப் பார்க்கச் சொல்ல வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தவளையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். குனிந்து உள்ளே பார்த்தார். குழாயைத் தட்டிப் பார்த்தார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணே, பிரமாதம். யார் வண்டி?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் பொறி முந்திக்கொண்டார். "அண்ணனோட பொண்ணு வண்டி."

"அப்போ எனக்கும் இதே மாதிரி போட்டுடுங்க. இன்னைக்கே வண்டியை விட்டுட்டுப் போறேன்."

"டாக்டர், உங்களுக்கு வேண்டாம்."

"ஏன்?"

"உங்க வண்டி... அமைப்பு வேற."

"ரெண்டும் ரெண்டு சீட்டு. ரெண்டுக்கும் வயசு ஒண்ணு. என்ன வேற?"

"உங்க வீட்டம்மா கூட வர்றாங்க. தலையில ஹெல்மெட் இருக்காது."

"பாப்பா ஹெல்மெட் போட்டுக்கிட்டா ஓட்டப் போகுது?"

அண்ணன் துணியால் கையைத் துடைத்தார். சுத்தமாக இருந்த கையை மறுபடியும் துடைத்தார்.

டாக்டர் நல்ல மனுஷர். குத்திக்காட்டுகிற எண்ணமே அவருக்கு இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "என்ன அண்ணே, உங்க பொண்ணு உசிருன்னா உசத்தி, என் பொண்டாட்டி உசிருன்னா மட்டமா? எனக்கும் அவ ஒருத்திதானே. நல்லது எதுன்னு தெரிஞ்சதாலதான் சொந்தப் பொண்ணுக்குப் போட்டிருக்கீங்க. இனிமே நீங்க என்ன சொன்னாலும் நான் கேக்க மாட்டேன். நீங்க மாட்டேன்னா வேற பட்டறையில போட்டுக்குவேன்."

சிவப்புக் காரின் சாவியைத் தையல் மேசைமேல் வைத்துவிட்டு, நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்று போயே போய்விட்டார்.

அண்ணன் அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமை கலகலவென்று சிரித்துக்கொண்டு வந்து இறங்கும் டாக்டரின் மனைவி கண்ணுக்கு முன்னால் வந்தாள். அவள் தலைக்குப் பக்கத்தில் ஒரு குழாய். அதைத் தன் கையாலேயே வைக்க வேண்டும், இல்லையென்றால் தன்னைப் பார்த்து வேறு ஒருவன் வைப்பான். இத்தனை வருஷம் சொன்ன ஒரு வார்த்தையும் இனி நிற்காது. வருகிறவனெல்லாம் பச்சைத் தவளையைக் கைகாட்டிக் கேட்பான்.

"என்ன செய்யலாம்கற?" என்று மனைவியைக் கேட்டார். அவர் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

அவள் ஊசியிலிருந்து நூலைக் கடித்து அறுத்தாள். எழுந்து உள்ளே போனாள். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. ஒரு துணிப்பையோடு வந்தாள். அதை அவர் மடியில் வைத்தாள்.

"பொண்ணு அலமாரியில இருந்தது. என்னன்னு நீங்களே பாருங்க."

பைக்குள் ஒரு ஹெல்மெட் இருந்தது. புத்தம் புதிது. வெள்ளை.

"எதுக்கு இது? அவகிட்டதான் ஸ்கூட்டரே இல்லையே."

"கார்ல போட்டுக்க. அன்னைக்கு வண்டியில ஒரு சுத்துப் போயிட்டு வந்தீங்களே, மறுநாள் தலை சீவிவிடும்போது பார்த்தேன். காதுக்கு மேல கோலிக்குண்டு மாதிரி வீங்கியிருந்துது. கேட்டா, 'அப்பாகிட்ட சொல்லாதம்மா. இந்தக் கூண்டு இருந்தாத்தான் அப்பா நிம்மதியாத் தூங்குவாரு. நான் ஊர் எல்லை தாண்டினதும் இதைப் போட்டுக்கறேன், பார்க்கறவங்க சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும்'னு சொல்றா. இந்த வெயில்ல, ஒரு நாள் முழுக்க, தலையில இதைக் கவுத்துக்கிட்டு ஓட்டப் போறா. உங்களுக்காக."

அண்ணன் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மனிதர் கடைசியாக அழுதது மகள் பிறந்த அன்றைக்கு. இப்போது கண்ணீர் ஹெல்மெட்டின் வெள்ளை மேல் சொட்டுச் சொட்டாக விழுந்து வழுக்கி ஓடியது. பொறி அவசரமாகத் திரும்பிக்கொண்டு, அணைந்திருந்த வெல்டிங் கருவியை மறுபடி ஒருமுறை அணைத்தார்.

"நான் எதைக் காப்பாத்தக் கட்டினேன், சொல்லு" என்றார் அண்ணன் மெதுவாக.

"உங்க பயத்தை" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு, கொஞ்சம் கடுமையாகிவிட்டதோ என்று அவர் முதுகில் கையை வைத்தாள். "எனக்கும் பயம்தாங்க. நான் மெத்தை தைக்கிறேன். நீங்க இரும்புல தைச்சிட்டீங்க."

அவர் எழுந்தார். ஹெல்மெட்டைப் பத்திரமாக மேசைமேல் வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டரை எடுத்தார். பொறி கை நீட்டியபோது கொடுக்கவில்லை. தானே வெட்டினார். முதலில் கதவுக் குழாய், அப்புறம் மேலே, அப்புறம் முன்னால். ஒவ்வொன்றும் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரர் டயரோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பாதி வேலையில் மகள் வந்தாள். கிடந்த குழாய்களைப் பார்த்தாள். மேசையில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தாள். அம்மாவை முறைத்தாள்.

"உன்கிட்ட ஒரு ரகசியம் தங்குதாம்மா?"

"தங்கற ரகசியமா அது? இங்க வா, உங்க அப்பாவுக்கு அதைக் காட்டு."

அண்ணன் கட்டரை நிறுத்திவிட்டு வந்தார். மகளின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக் காதுக்கு மேல் விரலால் தடவினார். வீக்கம் வடிந்து சின்னதாய் ஒரு புடைப்பு மட்டும் மிச்சம்.

"வலிச்சுதா?"

"மாடு உதைக்கிறதைவிடக் கம்மிதான்."

"கேட்டுது கண்ணு எனக்கு. அன்னைக்கே கேட்டுது."

"தெரியும்பா. நீங்க ஜன்னல் பக்கம் திரும்பினப்பவே தெரியும்."

அவள் ஃபோம் உறைகளை ஒவ்வொன்றாக உருவிப் போட ஆரம்பித்தாள். அவர் மறுபடி கட்டரைப் பிடித்தார். சீட்டுக்குப் பின்னாலிருந்த ஒற்றை வளைவு மட்டும் நின்றது. பந்தயப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, முதலில் போட்டிருந்த ரீல் பெல்ட்டுகளையே மறுபடி மாட்டினார். மகளை உட்காரவைத்துச் சாயச் சொன்னார். நிதானமாகச் சாய்ந்தபோது பெல்ட்டு அவளோடு வந்தது. வெடுக்கென்று இழுத்தபோது பிடித்துக்கொண்டது. பத்துப் பதினைந்து தடவை செய்து பார்த்தார்கள்.

மறுநாள் பல் டாக்டர் வந்தபோது அண்ணன் வாசலுக்கே போய் நின்றார். "டாக்டர், நான் பொண்ணு வண்டியில போட்டது தப்பு. பயத்துல போட்டேன், அவ மண்டையே அதுல இடிச்சிடுச்சு. வெட்டி எடுத்துட்டேன். குழாய் அங்க கிடக்கு, பார்த்துக்கோங்க" என்றார். சொல்லி முடித்தபின் அவர் தோள் இரண்டும் தானாகவே ஒரு அங்குலம் இறங்கின.

டாக்டர் குழாய்களைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மகளின் தலைப் புடைப்பையும், கேட்காமலே, தொழில் பழக்கத்தில் அழுத்திப் பார்த்தார். "பல்லு ஆடுதா?" என்று கேட்டார். "மண்டையில அடிபட்டா பல்லா ஆடும்?" என்றாள் அவள். "எனக்குத் தெரிஞ்சதைத்தானே நான் கேக்க முடியும்?" என்றார் டாக்டர். பட்டறையே சிரித்தது. அதன்பிறகு அவர் கூண்டைப் பற்றிப் பேசவில்லை. மனைவியின் சீட்டுக்குத் தலைமெத்தை மட்டும், பார்லர் கலையாத மாதிரி மெத்தென்று வைத்துத் தரச் சொன்னார்.

மாதக் கடைசியில் மகள் புறப்பட்டாள். காலை வெளிச்சம் தெருவில் நன்றாக இறங்கிவிட்டிருந்தது. அம்மா சாப்பாட்டுப் பையைப் பக்கத்து சீட்டில் வைத்து, அதற்கும் ஒரு பெல்ட்டைப் போட்டுவிட்டாள். பொறி டயரை உதைத்துப் பார்த்தார். அண்ணன் சொல்ல நினைத்து வைத்திருந்தது நிறைய. மெதுவாப் போ, லாரிக்குப் பின்னாலயே போகாதே, தூக்கம் வந்தா நிறுத்திடு. கிட்டே போய்க் குனிந்தபோது அதில் ஒன்றுமே வரவில்லை.

"வண்டி நல்லா இருக்கு. நீ நல்லா ஓட்டற. போயிட்டு வா" என்றார்.

அவள் அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தவளை விளக்கை ஒருமுறை சிமிட்டிவிட்டுக் கிளம்பியது. அண்ணன் பின்னால் ஓடவில்லை. வேறு வண்டி எடுத்துக்கொண்டு தொடர்ந்து போவார் என்று பொறி அண்ணனின் மனைவியிடம் பந்தயம் கட்டியிருந்தார், தோற்றுப்போனார். அண்ணன் உள்ளே வந்து, சிவப்புக் காரின் பிரேக்கைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மத்தியானம் இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வெயில் சாய்கிற நேரத்துக்குப் போன் வந்தது. வந்து சேர்ந்துவிட்டாளாம். வழியில் ஒரு தொந்தரவும் இல்லையாம். பண்ணைக்காரர்கள் எல்லோரும் வண்டியைச் சுற்றி நின்று பார்க்கிறார்களாம். தன்னைப் பார்க்க வந்தவர்கள் ஒருத்தர்கூட இல்லையாம், எல்லாம் தவளையைத்தானாம்.

"பெல்ட்டு தோள்ல உரசுதா?"

"இல்லப்பா. சொந்தக்காரங்க தோள்ல கை போட்ட மாதிரி இருந்தது. போன் அப்புறம் பண்றேன், ஒரு மாடு கன்னு போட நிக்குது."

போன் அணைந்தது. அண்ணன் சிரித்த முகமாக அதைத் தையல் மேசைமேல் வைத்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"அடுத்த மாசம் ரெண்டு நாள் கடையை மூடிட்டு நாமளும் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வரலாமா?"

"எதுல போறது?"

"பஸ்ஸுலதான்." சொல்லி முடிப்பதற்குள் நெற்றி சுருங்கியது. "பஸ்ஸுல பெல்ட்டு இருக்காதே."

மனைவி இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் நிறுத்தினாள்.

"என் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்காருங்க. நான் உங்களை விட்டுட மாட்டேன்."

அண்ணன் யோசித்தார். அந்த ஏற்பாட்டில் அவருக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை.

"ஜன்னல் சீட்டு எனக்கு" என்றார்.